ஆண்ட்ராய்டு பக்கம் ஒரு சின்ன மாத்தம்

வாங்க சார், பார்த்து வாங்க, அந்தப் படி மட்டும் சித்தெ ஒசரம்ங்க. கட்டும்போதே மேஸ்திரிகிட்டச் சொன்னேன், கேக்கல. யாரு நாம சொல்றதைக் கேக்கறாங்க? செருப்பு இருக்கட்டும்ங்க, கழட்ட வேண்டாம். காலியாக் கெடக்கற வீடுதானே.

இதுதானுங்க ஹால். நல்ல காத்து. அந்தக் கெழக்க இருக்கற ஜன்னலையும் இதையும் திறந்து வச்சீங்கன்னா ஃபேனே வேண்டாம். ஆடி மாசத்துல பாலக்காட்டுக் காத்து வந்து கதவைத் தானா சாத்தீட்டுப் போகும். தண்ணி? தண்ணிக்குக் கொறையே இல்லீங்க, நல்ல தண்ணி தனி, உப்புத் தண்ணி தனி.

முன்னால யாரு இருந்தாங்கன்னு கேட்டீங்க பாருங்க, வர்றவங்க அத்தனை பேரும் அதைத்தான் கேக்கறாங்க. நானும் சொல்றனுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? ஆல்வின்னு ஒரு பையன். பையன்னா பையன் இல்லீங்க, கல்யாணம் ஆயி ஒரு பொட்டப்புள்ளை இருக்குது. தூத்துக்குடிக்காரன். என்ற கூட ஒரே கம்பெனி. அவனை அந்தக் கம்பெனிக்குச் சொல்லி உள்ள விட்டதே நான்தானுங்க. வீடு கெடைக்காம மேன்ஷன்ல கெடந்தான், மேல வந்து இருந்துக்கடான்னு சொன்னதும் நான்தான். அவன் சம்சாரம் பியூலாவும் என்ற வீட்டுக்காரி கோகிலாவும் ஒரே மாசத்துல ஒண்ணாயிட்டாங்க. மீன் கொழம்பு மேலிருந்து கீழ வரும், கீழிருந்து இட்லி மேல போகும். எல்லாம் போச்சுங்க. ஒரே ஒரு கெரகம் பிடிச்ச சமாச்சாரத்துனால போச்சு.

நீங்க பேங்க்லீங்களா? அப்ப இது உங்களுக்கு சித்தெ சொல்லித்தான் விளங்க வைக்கோணும். நிக்கறீங்களே, அந்தத் திட்டு மேல உட்காருங்க, தூசி இல்லீங்க, நேத்துதான் தொடைச்சேன்.

உங்க போன்ல ஆப் இருக்குதுங்களா, பணம் அனுப்பறது, சாப்பாடு வாங்கறது, அந்த மாதிரி ஆப்பு செய்யறதுதானுங்க எங்க தொழில். இதுல ரெண்டு சாதி போன். ஒண்ணு ஆண்ட்ராய்டு, ஒண்ணு ஐபோன். இதுக்கு எழுதுனது அதுல ஓடாது, அதுக்கு எழுதுனது இதுல ஓடாது. அதனால ஒரே ஆப்பை ரெண்டு தடவை எழுதோணும். ஒரே பந்திக்கு ரெண்டு அடுப்புல ரெண்டு ஆளு சாம்பார் வைக்கற கதைதான். ஆண்ட்ராய்டு அடுப்பு என்னுது. ஐபோன் அடுப்பு ஆல்வினோடது. ரெண்டு சாம்பாரும் ஒரே ருசியா இருக்கோணும்.

நல்லாத்தானுங்க போச்சு. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கப்புறம் ரெண்டு போனையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். இந்தப் பக்கம் பட்டனை அமுக்குனா அந்தப் பக்கமும் அமுக்கு. இந்தப் பக்கம் பேரு ரெண்டு வரியில வந்தா அந்தப் பக்கம் எப்படி வருது பாரு. எவனோடது அசிங்கமா இருக்குதோ அவன் டீ வாங்கித் தரோணும். "சென்னியண்ணே, உங்க பட்டனு பக்கத்து வீட்டுக் கதவு மாதிரி டமார்னு சாத்துது"ம்பான். என்ற பேரு சென்னியப்பன் சார், சொன்னேனுங்களா? நான், "உன்ற பட்டனு அமுக்குனதே தெரியாம மாப்பிள்ளை வீட்டுக்காரங்களாட்ட முறுக்கிட்டு நிக்குதுடா"ம்பேன். ஆபீசே எங்களைச் சுத்தி நின்னு சிரிக்கும். என்ற பக்கம், உன்ற பக்கம், அப்படித்தான் எங்களுக்குள்ள பேச்சும் நாயமும். சண்டைன்னு ஒண்ணு வந்ததே இல்லீங்க. எப்படி வரும்? அவன் எழுதறதை நான் தொட முடியாது, நான் எழுதறதை அவன் தொட முடியாது.

எங்க ஓனரு முத்துரத்தினம் சார் ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டாரு. அவரு நூல் வியாபாரத்துல இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவரு, ஒரு வரி எழுதத் தெரியாது, கணக்குத் தெரியும். புதுசா ஒரு சாமான் வந்திருக்குதாமா, ஒரே தடவை எழுதுனா ரெண்டு போன்லயும் அச்சு அசலா ஓடுமாமா, இனிமே எல்லாரும் அதுலதான் எழுதோணும்னாரு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு சிரிச்சாரு. ரெண்டு மாங்கா விழும்ங்க சார், வேண்டாங்கல. கல்லெறியறதுக்குக் கை ஒண்ணு போதுமே? அதை அவரு வாயால சொல்லல. ஆனா வெளிய வந்தப்ப எங்க ரெண்டு பேர் மூஞ்சியும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

அந்தச் சாமானைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும் சார். அதுல வர்ற பட்டன் பட்டனே இல்லீங்க. பட்டனாட்ட வரைஞ்சு காட்டறது. போன்ல நெசமா ஒரு பட்டன் இருக்குது, போன்காரனே செஞ்சு வச்சிருக்கான், அதை எடுத்து வைக்காம ஒரு படத்தை வரைஞ்சு, அதை அமுக்குனா இது நடக்கோணும்னு சொல்றது. சினிமா செட்டுல அரமனையை அட்டையில செய்வாங்க பாருங்க. அதை நான் அன்னைக்கே சொன்னேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்னு ஓனரு சிரிச்சாரு. ஆபீஸ் முன்னால வச்சுச் சிரிச்சாரு. ஆல்வினும் சிரிச்சான். மறக்கல நான்.

அவனுக்கு அது வந்துருச்சுங்க. என்னமோ பொறந்ததுல இருந்து அதுலயே எழுதுனவனாட்ட எழுதுனான். எனக்கும் வந்துச்சு, வராம இல்ல, எனக்கு அது பிடிக்கல, அவ்வளவுதான். சாயங்காலம் பொழுதோட காப்பியைக் குடிச்சுட்டு என்ற பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். "இங்க பாருங்கண்ணே, இதை இப்படி எழுதுனா சுருக்கமா இருக்கும்லா"ம்பான். எனக்குச் சொல்லித் தர்றானுங்க! நான் கொண்டாந்து விட்ட பையன்! "இனிமே நம்ம ரெண்டு பேரும் ஒரே பக்கந்தாண்ணே"ம்பான். சந்தோசமாச் சொல்லுவான். எனக்கு உள்ள எரியும். எனக்கு அவன் மேல பொறாமைன்னு கோகிலா சொல்றா. பொறாமைங்கறதெல்லாம் பெரிய வார்த்தைங்க. வயசுல சின்னவன் வந்து திருத்துனா யாருக்கானாலும் ஒரு மாதிரிதான் இருக்கும். இல்லீங்களா?

சமையல்கட்டைப் பார்த்துருங்க சார். மேடை கடப்பாக்கல்லு. சாமான் போட்டு வைக்க அட்டாலி ரெண்டு பக்கமும் விட்டிருக்கேன். அந்தச் செவத்துல ஆணி அடிச்ச ஓட்டை இருந்துச்சு, அவனே அடைச்சு வெள்ளையடிச்சுட்டுத்தான் போனான். அதுல எல்லாம் சுத்தம்.

நாங்க அந்தப் புதுச் சாமான்ல செஞ்ச மொத ஆப்பு, பள்ளிக்கூட வேனுக்கு. ஒரு டிரஸ்டு, நாலஞ்சு பள்ளிக்கூடம் நடத்தறாங்க. புள்ளைய ஏத்தீட்டு வர்ற வேனு இப்ப எங்க வருதுன்னு அப்பன் ஆத்தா போன்ல பார்த்துக்கலாம். மேப்பு வரும், அதுல சின்னதா ஒரு மஞ்ச வண்டி நகரும். முன்னாடியே இதே மாதிரி ஒரு ஆப்பு நான் ஆண்ட்ராய்டுல செஞ்சிருக்கேன். என்ற மேப்புல வண்டி எண்ணெய் ஊத்துனாப்பல வழுக்கீட்டுப் போகும். இப்ப புதுச் சாமான்ல மேப்பு வேலை ஆல்வினுக்கு. அவன் செஞ்சான். ஐபோன்ல நல்லா ஓடுச்சு. ஆண்ட்ராய்டுலயும் நல்ல போன்ல ஓடுச்சு. ஆனா வெலை கம்மியான போன் இருக்குது பாருங்க, அதுல வண்டி தவக்களையாட்டக் குதிச்சுக் குதிச்சுப் போச்சு. எனக்குப் பொறுக்கல. வேனுல புள்ளைய அனுப்பறவன் எல்லாம் ஐபோனா வச்சிருக்கான்? நீங்களே சொல்லுங்க.

அவன்கிட்டச் சொன்னேன். "தெரியும்ணே, டெமோ முடியட்டும், அடுத்த வாரம் அதைத்தான் பாக்கப்போறேன்"னான். டெமோன்னா செஞ்சதைக் கொண்டுபோய் அவங்களுக்குக் காட்டறது. அதுல குதிச்சா யாருக்குங்க அசிங்கம்? ஆண்ட்ராய்டுக்கு. ஆண்ட்ராய்டுன்னா யாரு? நான்.

அந்தச் சாமான்ல ஒரு வழி விட்டிருக்காங்க சார். அதுல முடியாத வேலைன்னா, பழைய முறையில போன்காரனோட மொழியிலயே எழுதி, நடுவுல ஒரு ஓட்டை போட்டு உள்ள வச்சுக்கலாம். ஆத்திர அவசரத்துக்குத்தான். நான் என்ன பண்ணுனேன்னா, என்ற பழைய மேப்பையே எடுத்து உள்ள வச்சுட்டேன். மேல பார்த்தா புதுசு, உள்ள ஓடறது என்னுது. என்ன எழுதுனேன்னா, போன் ஆண்ட்ராய்டா இருந்தா என்ற மேப்பைக் காட்டு. இல்லாட்டி ஒண்ணும் காட்டாதே. அந்த 'இல்லாட்டி'ல அப்பறமேட்டுக்கு ஐபோனுக்கு ஆல்வினோடதை எடுத்து வைக்கலாம்னுதான் இருந்தேன். தற்காலிகம்ங்க. எங்க தொழில்ல எல்லாருமே அப்படித்தான் பண்ணுவாங்க. டெமோ அன்னைக்குக் காலைல வெள்ளனே ஆபீஸ் போயி எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துட்டேன். என்ற போன்ல போட்டுப் பார்த்தேன். வண்டி என்ன அழகாப் போச்சுங்கறீங்க! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நம்ம கை இன்னும் இருக்குதுடான்னு இருந்துச்சு.

ஐபோன்ல போட்டுப் பார்த்தீங்களான்னு கேக்கப்போறீங்க. ஐபோன் என்ற பக்கம் இல்லீங்களே சார். அத்தனை வருசத்துல ஒரு நாளும் நான் அதைத் தொட்டதில்ல. அதுக்கு ஆளு இருக்குது.

கார்ல போகும்போது ஆல்வின் கேட்டான். "அண்ணே, காலைல ஏதும் மாத்துனியளா?"ன்னு. அவன் முந்தின நாள் பொழுதோட ஐபோன்ல எல்லாத்தையும் ஒண்ணு விடாமப் பார்த்து முடிச்சிருந்தான். ஏதாச்சும் மாறியிருந்தா மறுக்காப் பார்க்கோணுமில்ல, அதுக்குக் கேட்டான். நான் சொன்னேன், "ஆண்ட்ராய்டு பக்கம் ஒரு சின்ன மாத்தம், உன்ற பக்கம் ஒண்ணுமில்லடா"ன்னு. இதுல என்னங்க பொய் இருக்குது? ஆண்ட்ராய்டு பக்கந்தான் மாத்துனேன். சரிண்ணேன்னு கண்ணை மூடிட்டுச் சாஞ்சுட்டான். நம்புனான்.

பள்ளிக்கூடத்துல தாளாளர் அம்மா ரூம்பு. முந்திரிப்பருப்பு, பிஸ்கட்டு, ஏசி. எங்க ஓனரு கை கட்டீட்டு உட்கார்ந்திருக்காரு. மொதல்ல என்ற போனைக் காட்டுனேன். வண்டி வழுக்கீட்டுப் போகுது. அந்தம்மா, "அட, ரொம்ப நல்லா இருக்கே"ன்னாங்க. ஓனரு என்னையப் பார்த்துத் தலையாட்டுனாரு. அந்த ஒரு தலையாட்டலுக்கு நான் எத்தனை மாசம் காத்திருந்தேன்னு யாருக்குங்க தெரியும்?

அப்பறம் அந்தம்மா அவங்க கைப்பையில இருந்து சொந்தப் போனை எடுத்தாங்க. ஐபோன். ஆல்வின் வாங்கி அதுல ஆப்பைப் போட்டுக் குடுத்தான். உள்ள போச்சு, பேரு வந்துச்சு, பள்ளிக்கூடத்துப் படம் வந்துச்சு. மேப்புன்னு இருக்கற எடத்தை அமுக்குனாங்க. வெள்ளை. துவைச்சுக் காயப்போட்ட வேட்டியாட்ட வெறும் வெள்ளை. போனை ஆட்டிப் பார்த்தாங்க. நெட் இல்லையான்னு கேட்டாங்க. மறுக்கா அமுக்குனாங்க. அதே வெள்ளை. அந்தம்மா போனை மேசை மேல வச்சுட்டு மெதுவாச் சொன்னாங்க, "குழந்தை எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தானே இதைக் கேட்டோம்? எங்கேயுமே இல்லைன்னு காட்டுதே"ன்னு.

ஓனரு, "ஐபோன் யாரு பார்க்கறது?"ன்னாரு. ஆல்வின் என்னையப் பார்த்தான். அப்பறம் அவரு பக்கம் திரும்பி, "நான்தான் சார்"னான்.

நான் பேசலைங்க. எதுக்குப் பேசோணும்? என்னையா கேட்டாரு? ஐபோன் யாருன்னுதானே கேட்டாரு. ஐபோன் ஆல்வின். சரியாத்தானே சொன்னான்.

ஆபீசுக்கு வந்ததும் அவன் உட்கார்ந்து பார்த்தான். எவன் எந்த வரியை மாத்துனாங்கறது எங்க வேலைல தானாத் தெரிஞ்சுரும்ங்க, ஒளிக்க முடியாது. என்னுதை எடுத்துட்டு அவனோடதை மறுபடி வச்சான். அவ்வளவுதான் வேலை, நாங்க காப்பி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுருச்சு. ஓனருகிட்டப் போயிச் சொல்லுவான்னு பார்த்தேன். போகல. அது அவன் தப்பா, என்ற தப்பா?

அன்னைக்குப் பொழுதோட கீழ எங்க வீட்டுக்கு வந்தான். எப்பவும் வர்றதுதான். கோகிலா டீ வச்சுக் குடுத்தா. குடிக்கல, கையிலயே வச்சிருந்தான், ஆறிப்போச்சு. கடைசீல கேட்டான், "சொல்லுததுக்கு ஒண்ணும் இல்லியாண்ணே?"ன்னு. நான் அவன் தோள்ல தட்டி, "தைரியமா இருடா, இதெல்லாம் தொழில்ல சகஜம்"னேன். ஆறுதலாத்தானே சொன்னேன்? அவன் டம்ளரைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அந்தத் திமிரு எனக்குப் பிடிக்கல.

அவன் மேல ஏறுனதும் கோகிலா வந்து நின்னா. "அந்த மேப்பு உங்களுதா?"ன்னா. உனக்கு யாரு சொன்னான்னு கேட்டேன். "யாரும் சொல்லல. இன்னைக்கு என்ற மேப்பை உள்ள வைக்கப் போறேன், அசந்து போவாங்க பாருன்னு காலைல இட்லி திங்கும்போது நீங்கதான சொன்னீங்க?"ன்னா. பொம்பளைங்க எதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கறாங்க பாருங்க. உனக்கு இந்தத் தொழிலு வெளங்காது, போயி வேலையைப் பாருன்னுட்டேன்.

மறுநாள் ஓனரு என்னையத் தனியாக் கூப்பிட்டாரு. என்னப்பா ஆச்சுன்னாரு. "புதுச் சாமான் சார், பழகோணும்"னேன். "நீ இருந்துமா இப்படி ஆச்சு?"ன்னாரு. அப்பறம் அவரே, "இனி ரெண்டு ஆளு எதுக்கு, ஒரே வேலைதானே"ன்னு இழுத்தாரு. "நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரிங்க சார்"னேன். அதுல நான் யாரையும் காட்டிக் குடுக்கல. ஆல்வின் பேரையே எடுக்கலைங்க நான். ஒரே ஒரு வார்த்தை அவனை வேலையை விட்டுத் தாட்டி விட்டுருங்கன்னு சொல்லியிருந்தா என்ற நாக்கு அழுகிப் போகட்டும்.

வேற வேலை பார்த்துக்கச் சொல்லி அவனுக்கு ஒரு மாசம் நேரம் குடுத்தாங்க. அந்த ஒரு மாசமும் வந்தான், வேலை செஞ்சான். வண்டி குதிக்குதுன்னு சொன்னேன் பாருங்க, அதையும் சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் போனான். இன்னைக்கு அந்த ஆப்புல ஓடறது அவனோட மேப்புதானுங்க. டிரஸ்டுக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க, நல்லாப் போகுது. நான்தான் அதைப் பார்த்துக்கறேன். அவன் எழுதுனது வாசிச்சா அவன் பேசறாப்பலயே இருக்கும், சுருக்கமா, சுத்தமா. நல்லா எழுதியிருக்கான். அதுல நான் கொறை சொல்ல மாட்டேன்.

வீட்டைக் காலி பண்ணுன அன்னைக்கு, கோகிலா விடிகாலைல எந்திரிச்சு எல்லாத்துக்கும் சேர்த்துச் சமைச்சு வச்சா. பியூலா வந்து அவளைக் கட்டிப்பிடிச்சுட்டு அழுதுச்சு. அவன் வாசல்ல லாரிகிட்டயே நின்னுட்டான், உள்ள வந்து ஒரு வாய் சோறு திங்கலைங்க. உப்பிட்டவரை உள்ளளவும் நெனைங்கறாங்க. எத்தனை நாள் எங்க வீட்டு உப்பைத் தின்னிருப்பான்! சாவியைப் பியூலாகிட்டக் குடுத்து விட்டான். என்ற கையில குடுக்க அவனுக்குக் கை வரல. அன்னைக்கு எனக்கு நெஞ்சு எரிஞ்சதுங்க சார், இன்னைக்கும் எரியுது. நான் என்ன அவனை அடிச்சனா, வெரட்டுனனா?

இருங்க, இன்னும் முடியல. அதுக்கப்பறம் ஒரு நாள் அவனே போன் பண்ணுனான். குரலைக் கேட்டதும் எனக்கு ஒரே சந்தோசம். கோகிலாவைக் கூடக் கூப்பிட்டேன், ஆல்வின் பேசறான்னு. சென்னைல ஒரு கம்பெனில எல்லாம் முடிஞ்சுதாமா, கூட வேலை பார்த்தவங்க யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு ஆர்டர் குடுப்பாங்களாமா. "உங்க பேரைத்தான் குடுத்திருக்கேண்ணே"ன்னான். பார்த்தீங்களா? எத்தனை பேர் இருக்கற ஊர்ல என்ற பேரைத்தான் குடுத்திருக்கான். அவனுக்குள்ள மரியாதை போகல. "என்னடா சொல்லோணும்?"ன்னேன். "நடந்ததைச் சொல்லுங்கண்ணே, போதும்"னான்.

மறுநாளே ஒரு பொண்ணு பேசுச்சு, நல்ல மரியாதையான பொண்ணு. ஆல்வின் எப்படீங்கன்னு கேட்டுச்சு. தங்கமான பையன், வேலை தெரிஞ்சவன், ஒரு கெட்ட பழக்கம் இல்லன்னேன். எவ்வளவு நல்லதாச் சொன்னேன்னு பார்த்துக்குங்க. அந்தப் பொண்ணு, "ஒரு டெமோ சரியா வரலைன்னு அவரே சொன்னாரு, என்ன நடந்துச்சுன்னு கேட்டா கூட இருந்தவர் நீங்கதான், உங்களையே கேட்டுக்கச் சொல்றாரு. என்னங்க சார் நடந்துச்சு?"ன்னுச்சு.

கோகிலா எதுத்தாப்பல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுட்டு இருந்தா. உரிக்கறதை நிறுத்தீட்டு என்ற வாயையே பார்க்கறா.

ஒரு கம்பெனிக்காரங்க நம்பிக் கேக்கறாங்க சார். என்னத்தைச் சொல்றது? என்ற பழைய மேப்பு, நடுவுல ஓட்டை, இல்லாட்டி ஒண்ணும் காட்டாதே, இதையெல்லாம் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னா அதுக்கு வெளங்குங்களா? சுருக்கமாச் சொன்னேன். "எல்லாம் நல்லாத்தானுங்க செய்வான். கடைசீல ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்க்கறதுல மட்டும் சித்தெ கவனம் பத்தாது"ன்னேன். உண்மைதானே? அவன் மறுக்கா ஒரு தடவை பார்த்திருந்தா அந்த வெள்ளை தெரிஞ்சிருக்குமில்ல? ஒரே ஒரு சின்ன விசயம். மத்ததெல்லாம் நல்லதுதான் சொன்னேன். "ரொம்பத் தேங்க்ஸ் சார், உபயோகமா இருந்துச்சு"ன்னு வச்சுருச்சு.

கோகிலா உரிச்ச வெங்காயத்தை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா. அன்னைக்கு அடுப்புப் பத்த வைக்கல. அதுல இருந்து என்றகிட்ட வேணுங்கறதுக்கு மட்டும்தான் பேசறா. வீடு பார்க்க ஆள் வந்திருக்குது, மேல போயிக் காட்டுன்னா, நீங்களே காட்டுங்கன்னுட்டா. பார்த்தீங்கதானே, நீங்க வந்தப்ப.

வேலை கெடைச்சுதான்னு கேக்க நானே ஆல்வினுக்குப் போன் போட்டேன். மணி அடிக்குது, எடுக்கல. கிறிஸ்துமசுக்கு வாழ்த்து அனுப்புனேன், பார்த்திருக்கான், பதில் இல்ல. பொங்கலுக்குப் போட்டேன், எடுக்கல. பியூலா மட்டும் கோகிலாகிட்ட எப்பவாச்சும் பேசும்போல. ஆல்வின் அவன் மச்சினனோட செல்போன் கடைல உட்கார்ந்திருக்கானாமா. போனுக்கு மேல கண்ணாடி ஒட்டறானாமா, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும். இதைக் கோகிலா என்றகிட்டச் சொல்லலைங்க, பக்கத்து வீட்டம்மாகிட்டச் சொல்றது காதுல விழுந்துச்சு. எனக்கு மனசே கேக்கல. அவ்வளவு தெரிஞ்ச பையன்! அந்தப் பாழாப்போன சாமான் மட்டும் வராம இருந்தா அவன் பாட்டுக்கு அவன் பக்கம், நான் பாட்டுக்கு என்ற பக்கம் இருந்திருப்போம். இப்ப வெள்ளிக்கிழமையானா ரெண்டு போனையும் நானே மேசை மேல வச்சு நானே பார்த்துக்கறேன். அவன் இல்லாதது எனக்குத்தானுங்க தெரியும். ஒருத்தரும் வந்து அதைக் கேக்கறதில்ல.

இந்த வீட்டுக்கும் என்ன கொறைன்னு தெரியலைங்க சார். வர்றாங்க, பார்க்கறாங்க, உங்களையாட்டப் பொறுமையாக் கேட்டுக்கறாங்க, வீட்ல கலந்துட்டுச் சொல்றேன்னு போறாங்க, போனே பண்றதில்ல. உங்களைப் பார்த்தா நல்ல குடும்பமாத் தெரியுது. எனக்குப் பிடிச்சிருக்குது. வாடகை எல்லாம் முன்னப்பின்ன பேசிக்கலாம்.

ஒண்ணே ஒண்ணுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க, ஊர் வழக்கந்தான். இதுக்கு முன்னால இருந்த வீட்டுக்காரர் நம்பரு, இல்லாட்டி உங்க கூட வேலை பார்க்கறவங்க யாரோடதாச்சும் ஒண்ணு குடுத்துட்டுப் போங்க. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை விசாரிச்சுக்கறேன். பெருசா ஒண்ணும் வேண்டாம்ங்க, கூட இருந்து பழகுன மனுசன் உள்ளதை உள்ளபடி சொன்னாப் போதும்.

என்னுங்க சார், நம்பர் குடுக்கறதுக்கு எதுக்கு இப்படி ரோசனை பண்றீங்க?